கொழுந்துக் கூடையும் வாக்குச் சீட்டும்

இலக்கியம் பேசும் இத்தொடரிலே ஆய்வு நூலொன்றைப் பற்றிப் பேசுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையோ கவிதையோ அல்ல. அடிக்குறிப்புகள் நிறைந்த சரித்திர நூல். இருந்தும் ஹற்றன் பக்கத்து மலைகளிலே வளர்ந்த ஒருவனின் நெஞ்சில் அது கிளப்பும் கேள்விகள், ஒரு நல்ல நாவல் கிளப்பும் கேள்விகளுக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல.

1986ஆம் ஆண்டு லண்டனிலே வெளியான அந்நூலின் பெயரைத் தமிழில் ‘மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும்’ எனலாம். எழுதியவர் கலாநிதி குமாரி ஜயவர்த்தன. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவர். சமூக விஞ்ஞானிகள் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இலேயே காத்திரமான நூலொன்றைத் தந்தவர். நெதர்லாந்தின் ஹேக் நகரிலே பெண்களும் அபிவிருத்தியும் என்ற கற்கைநெறியின் மாணவருக்காக 1982இல் அவர் தயாரித்த விரிவுரைகளே வளர்ந்து இந்நூலாயின. துருக்கி, எகிப்து, ஈரான், இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம், கொரியா, யப்பான் என்று ஆசியக் கண்டத்தை ஏறக்குறைய வலம்வரும் நூல் அது.

அக்காலத்திலே வளர்முக நாட்டுப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. 1976 முதல் 1985 வரையான பத்தாண்டுகளை ஐக்கிய நாடுகள் சபை பெண்களுக்கான தசாப்தமாகப் பிரகடனஞ் செய்திருந்தது. எத்தனை பெண்கள் வயலில் வேலை செய்கிறார்கள், எத்தனை மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள் என்றெல்லாம் கணக்கெடுக்கப்பட்டது. கணக்குத் தேவைதான். ஆனால் அக்கணக்குகளிலே அந்தப் பெண்கள் உதவி பெறவேண்டியவர்களாகத் தோன்றினார்களே தவிர, அரசியல் செய்தவர்களாகத் தோன்றவில்லை. குமாரி ஜயவர்த்தன கேட்ட கேள்வி வேறு. இவர்களுக்கும் ஓர் அரசியற் சரித்திரம் இருந்ததல்லவா என்று அவர் கேட்டார்.

இரண்டு தரப்பாருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெண்ணியம் மேனாட்டு இறக்குமதி, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற உள்ளூர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம். கீழை நாட்டுப் பெண்களுக்கு விடுதலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே என்றெண்ணிய மேனாட்டார் மறுபக்கம். இரு சாராரையும் அவர் சான்றுகளாலேயே மறுத்தார். யாவாவின் கார்த்தினி 25 வயதிலே 1904இல் இறக்குமுன் எழுதிய கடிதங்கள், 1907இல் சிரச்சேதம் செய்யப்பட்ட சீனத்துச் சியூ ஜின், 1923இல் கெய்ரோ ரயில் நிலையத்திலே முகத்திரையை விலக்கிய ஹுதா ஷராவி என்று அந்தந்த மண்ணிலேயே முளைத்தவர்களை வரிசையாக நிறுத்தினார். குடியேற்ற ஆட்சிக்கு எதிரான போராட்டமும் சமூகச் சீர்திருத்தமும் பெண்களின் எழுச்சியும் இந்நாடுகளில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்தன என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

நான் இந்த வாதத்தை மலையகத்திலிருந்து வாசிக்கிறேன். அப்படி வாசிக்கும்போது இலங்கை வரலாற்றின் ஒரு சிறிய நிகழ்ச்சி நெடுநேரம் நிறுத்திவைக்கிறது.

1927இன் இறுதியிலே டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதே டிசம்பரில் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. பெரிய வீட்டுப் பெண்கள், டொக்டர் மேரி இரத்தினம் போன்ற சமூகத் தொண்டர்கள் அதிலே இருந்தனர். சங்கத்தின் சார்பில் ஆணைக்குழுவின் முன் பேசியவர்களுள் ஆக்னஸ் டி சில்வா ஒருவர். பறங்கியர் குடும்பத்திலே பிறந்து, கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குரிமை கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஆம், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற கருத்துப்பட அவர் தயங்காமல் பதில் சொன்னார்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரும் படிப்பாளியே சர்வசன வாக்குரிமையை எதிர்த்துநின்ற காலம் அது. அந்தப் பின்னணியில் இப்பதிலின் பெருந்தன்மையை மெச்சாமல் இருக்க முடியாது. இருந்தாலும், யாரைப் பற்றிக் கேள்வி எழுந்ததோ அவள் அந்த மண்டபத்திலே இல்லை. அவளிடம் எவரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்திருப்பாள்? விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டு, பிரட்டுக் களத்தில் நின்று, படங்கை இடுப்பிலே கட்டிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியிருப்பாள். மாலையிலே கொழுந்து நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை செக்றோலிலே அவளுக்குப் பேர் போடுவார். தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வெளியுலகத்து எந்தப் புத்தகத்திலும் பெயரில்லாத பெண்ணுக்கு, நாளாந்தம் பெயர் எழுதப்பட்ட ஒரே புத்தகம் அந்தச் செக்றோல்தான்.

அந்தப் பேருக்கும் அவளுக்கும் ஆணுக்கும் ஒரே விலை இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலைத் தோட்டத்தின் வருமானமே கொழுந்தில் இருக்கிறது. கொழுந்து பெரும்பாலும் பெண்ணின் விரல்களில் இருக்கிறது. அந்த விரல்களுக்கு 11 சதம் குறைவென்று சட்டமே எழுதிவைத்தது. அந்த 43 சதமும் சம்பள நாளில் அவள் கைக்கு வந்ததா என்பது இன்னொரு கதை. பல தோட்டங்களில் தகப்பனோ புருஷனோதான் போய்ச் சம்பளம் வாங்கினார்கள். நெடுங்காலம் அதுவே வழக்கமாயிருந்தது.

வாக்கு, பதிலளித்தவர் கேட்டபடி அப்படியே கிடைத்துவிடவில்லை. பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. பின்னர் அது 21 ஆயிற்று. தோட்டத் தொழிலாளருக்கோ தனி வாசல்கள் வைக்கப்பட்டன. இந்நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது ஐந்து வருட வசிப்பைக் காட்டி, இந்தியத் தொழிலாளருக்கென இருந்த விசேட பாதுகாப்புகளைக் கைவிட்டு, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். 1931இலே வாக்காளராய்ப் பதிந்த இந்தியர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். 1939இல் அத்தொகை 225,000 அளவுக்கு ஏறி, பதிவு இறுக்கப்பட்டதும் சில ஆண்டுகளிலே 168,000 அளவுக்கு இறங்கியது.

வாக்கு இருக்கிறது; வாக்கென்றால் என்னவென்று தோட்டத்திலே எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட இடமிருந்தது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்வந்த கதையை மலையகத்தார் எல்லோரும் அறிவார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்தவர்; ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தியவர்; ஏ.ஈ. குணசிங்ஹவுடன் இணைந்து வேலை செய்து பின் பிரிந்தவர். 1931இல் ஹற்றனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1936 முதல் ஹற்றன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். இவரைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியாயிற்று. எனக்கு இங்கே வேண்டியவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள்.

கூட்டமென்றால் மீனாட்சியம்மாள் பாடுவார், ஐயர் பேசுவார். இதைப் பலரும் ஓர் அலங்காரச் செய்தியாகவே எழுதிவிடுகிறார்கள். பிரசங்கத்துக்கு முன் சனத்தைச் சேர்க்க ஒரு பாட்டு என்பதுபோல. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த சமூகத்தில், அதிலும் பெண்களிடையே, பத்திரிகை போய்ச் சேராத இடத்துக்குப் பாட்டுப் போய்ச் சேரும். பிரசங்கத்தை லயத்துக்குக் கொண்டுபோக முடியாது, பாட்டைக் கொண்டுபோகலாம். பிரசுரத்திலே ஒருவர் வாசிக்க, நாலுபேர் கேட்க, மறுநாள் மலையிலே அது வாய்க்கு வாய் மாறும். அத்துமீறல் சட்டம் ஆளைத்தான் மறித்தது, மெட்டை மறிக்க அதற்கு வழியிருக்கவில்லை. 1940இலே ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பிலே அவருடைய பாடல்கள் அச்சாயின. அரசாங்கத் திணைக்களங்களிலே நாட்சம்பளத்துக்கு வேலைபார்த்த இந்தியரை நீக்கும் நடவடிக்கை 1939இல் தொடங்கி, நேரு நேரில் வந்துபோய், இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்திருந்த வேளை. அந்தச் சூட்டிலே, மந்திரிமாரின் செய்கையைப் பெயர்சொல்லிக் கண்டிக்கும் பாடல்களை ஒரு பெண் எழுதிப் பாடினார் என்பது சாதாரண சங்கதியல்ல.

ஆனால் அப்பாடல்களுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். இலக்கியக்காரர்கள் அவற்றைப் பிரசாரமென்று ஒதுக்கினார்கள். சரித்திரக்காரர்கள் வெறும் பாட்டென்று ஒதுக்கினார்கள். நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடி எழுதிய சாரல்நாடன் 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ நூலைத் தந்திராவிட்டால், நம்மில் எத்தனைபேர் இந்த அம்மையாரின் பெயரை அறிந்திருப்போம்? கல்விச் சாலைகளுக்கு வெளியே, மலையகத்து எழுத்தாளர் ஒருவர் செய்த ஆய்வு அது. பல்கலைக்கழக ஆய்வு என்று நாம் மதிப்பதன் அத்திவாரத்திலே இத்தகையோரின் உழைப்பு எவ்வளவு கிடக்கிறதென்பதை அடிக்குறிப்பு வாசிப்பவர்களே அறிவர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீனாட்சியம்மாளும் கொழுந்து பறித்தவரல்லர். ஆக்னஸ் டி சில்வாவைப் போலவே அவரும் வெளியிலிருந்து பேசியவர்தான். வித்தியாசம், இவர் ஆணைக்குழுவிடம் பேசாமல் அந்தப் பெண்களிடமே பேசினார். அதுவும் அவர்கள் திரும்பப் பாடக்கூடிய வடிவத்திலே பேசினார்.

கொழுந்தெடுத்த பெண் என்ன செய்தாள் என்று கேட்டால், 1939 டிசம்பரிலிருந்து 1940 நடுப்பகுதிவரை தோட்டங்களிலே பரவிய வேலைநிறுத்தங்களைத்தான் பார்க்க வேண்டும். கொழுந்துக் காட்டிலே பெண்கள் இறங்காவிட்டால் வேலைநிறுத்தம் என்ற ஒன்றே தோட்டத்தில் கிடையாது. இது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும் உண்மை. ஆயினும் அந்நாட்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் பெயர்கள் ஆண்களின் பெயர்களே. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்திலே பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் பெயரை மலையகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவியின் சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். சரித்திர நூல்களிலே அந்தப் பெண் எப்படி வருகிறாள்? கோவிந்தனின் விதவை என்றே. அதே ஆண்டு மே மாதத்தில் ஊவாவின் வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிந்து, அனுப்பப்பட்ட பொலிஸாரின் ஆயுதங்களையும் பறித்துவைத்தார்கள் என்று இடதுசாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலே நின்ற பெண்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

இதுவரை வந்த கதை குமாரி ஜயவர்த்தனவின் வாதத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. தேசிய எழுச்சியும் தொழிலாளர் எழுச்சியும் பெண்ணெழுச்சியும் கைகோத்து நடக்கின்றன. 1948க்கு வரும்போதுதான் கை விடுபடுகிறது.

நடேசய்யர் 1947 நவம்பரிலே, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்னர் காலமானார். அவ்வாண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அந்த ஏழு ஆசனங்களிலே மலைநாட்டுப் பெண்களின் வாக்குகளும் இருந்தன. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளல்லாதோரின் வாக்கைப் பறித்தது. இடதுசாரிகளும் காங்கிரஸும் எதிர்த்துப் பேசினர். செல்வநாயகம் தம் கட்சியிலிருந்தே பிரிந்தார். இவையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்கும் செய்திகள்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. வம்சாவழிப் பிரசாவுரிமைக்கு என்ன நிரூபிக்க வேண்டும்? தகப்பன் இலங்கையிலே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவேயில்லை. தாயும் தாயின் தாயும் டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ லயத்திலே பிறந்து, அதே மலையிலே கொழுந்தெடுத்து, அதே மண்ணிலே புதைக்கப்பட்டிருந்தாலும் அது கணக்கில் வராது. பரம்பரை என்பது ஆண் வழியே என்று எழுதப்பட்ட சட்டம், நாடு முழுவதற்கும் பொதுவானதுதான். ஆனால் நிலபுலமும் பிறப்புப் பதிவும் உள்ள குடும்பங்களை அது தொடவில்லை. தோட்டத்துக் குடும்பத்தின்மீது கல்லாய் விழுந்தது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவிடதாரர் சட்டம் திறந்த சிறு கதவிலும் குடும்பத் தலைவனே விண்ணப்பதாரி. மனைவி இங்கே இடையறாது வாழ்ந்தாளென்று அவன் காட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், வேண்டுதலுக்கு ஊர்க்கோயில் போவதும் அரசாங்கத்தின் கண்ணிலே சந்தேகத்துக்குரிய பிரயாணங்களாயின. தாய்வழியாகவும் பிரசாவுரிமை கடத்தப்படலாம் என்று இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2003ஆம் ஆண்டில். அதாவது 55 ஆண்டுகள் கழித்து.

மலையகத்து முதியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, தேர்தற் பட்டியலிலிருந்து தங்களை நீக்கியதைப் பேர் வெட்டியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். செக்றோலுக்கும் அதே சொல்தான். சட்டப் புத்தகம் படித்தவர்கள் நாடற்ற நிலை என்று நீட்டிச் சொல்வதை அவர்கள் இப்படி இரண்டு சொல்லிலே அடக்கிவிட்டார்கள்.

1960இலே சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதற் பெண் பிரதமரானார். மூன்றாம் உலகப் பெண்களின் அரசியல் முன்னேற்றம் பற்றி எழுதுவோர் எவரும் இந்தச் செய்தியைத் தவறவிடுவதில்லை. அவரே 1964 ஒக்டோபரில் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 975,000 பேரை எடுத்து, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மீதி 150,000 பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டார்கள். ஒரு பெண் அதிகாரத்துக்கு வந்தால் பெண்களுக்கு விடிவு என்று எளிமையாய் நம்பும் ஆய்வுகளுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு நான் கண்டதில்லை. அக்காவும் தங்கையும் வெவ்வேறு நாட்டுக்குப் போன வீடுகள் எங்கள் பக்கத்திலே எத்தனையோ உண்டு. புருஷன் எந்த நாட்டுக்கென்று எழுதிக் கொடுத்தானோ, அவளும் அந்த நாட்டுக்காரியானாள்.

ஆகவே 1986ஆம் ஆண்டு நூலின் சட்டகத்துக்குள் மலையகப் பெண் முழுதாய் அடங்கவில்லை என்பது என்னுடைய எண்ணம். குடியேற்ற ஆட்சியை எதிர்க்கும் தேசியம் பெண்ணுக்குக் கதவு திறந்தது உண்மை. ஆட்சியைக் கையிலெடுத்த தேசியம் எந்தப் பெண்ணுக்குக் கதவை மூடியது என்பதும் அதே அளவுக்கு எழுதப்பட வேண்டிய சங்கதி. ஆசிரியர் இதனை உணராதவரல்லர். இன ஒடுக்குமுறையை எதிர்த்து அவர் எழுதியவை ஏராளம். தோட்டத்துப் பெண்ணை நடுவிலே வைத்து எழுதும் காரியத்தைக் கலாநிதி றேச்சல் குரியனோடு சேர்ந்து அவர் பின்னர் செய்தார். தோட்டங்களின் இரு நூற்றாண்டு அதிகாரத்தையும் எதிர்ப்பையும் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் என்ற மூன்று கண்ணாலும் பார்க்கும் அந்த நூல் 2015இல் வந்தது.

றேச்சல் குரியன் இத்துறையில் முன்னோடி. 1982இலே சர்வதேசத் தொழில் தாபனம் வெளியிட்ட அவருடைய ஆய்வுதான், இலங்கைத் தோட்டத்துப் பெண் தொழிலாளியின் நாளைக் காலையிலிருந்து இரவுவரை பின்தொடர்ந்து எழுதிய முதல் முக்கிய நூல் என்பேன். ஆணின் வேலை மதியத்தோடு முடிந்துவிட, பெண் மாலைவரை மலையிலே நிற்பது, சம்பளம் ஆணின் கையிலே போவது, சங்கத்துக்குச் சந்தா கட்டும் பெண் சங்கத்தின் மேசைக்கு வராதது, எல்லாவற்றையும் அது காட்டிற்று. தோட்டங்களிலே மாதர் சங்கங்கள் இருந்தன, தலைவிமாரும் இருந்தனர். ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது தலைவியின் வேலை. பேரம் பேசுவது தலைவரின் வேலை.

1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. 1929இல் எழுதப்பட்ட அந்த வேறுபாடு, தொகை மாறி மாறி, 55 ஆண்டுகள் உயிரோடிருந்தது. பிரசாவுரிமைக்கும் அதே 55 ஆண்டுகள். தற்செயல்தான், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கை சற்றே நின்றது.

மக்சீன் மொலினோ என்ற அறிஞர் நிகரகுவாப் பெண்களை ஆராய்ந்து 1985இல் ஒரு வகுப்புப் பிரிப்பைத் தந்தார். தண்ணீர், உணவு, கூலி போன்ற நடைமுறை நலன்கள் ஒரு வகை. ஆணாதிக்க அமைப்பையே மாற்றும் மூலோபாய நலன்கள் இன்னொரு வகை. உலகமெங்கும் ஆய்வாளர்கள் இதனை எடுத்தாண்டார்கள். தோட்டத்திலே வைத்துப் பார்த்தால் இக்கோடு அடிக்கடி அழிந்துபோகிறது. என் சம்பளத்தை என் கையிலே கொடு என்று ஒரு பெண் ஆபிசுக்கு முன்னால் நின்றால், அது கூலிக் கோரிக்கையா, குடும்ப அதிகாரத்தை அசைக்கும் கோரிக்கையா? இரண்டும்தான்.

இதற்கு நல்ல உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கைக்கு ஆள் வந்த அதே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கேரளத்து மூணாறு மலைக்கும் சனம் போயிற்று. 2015 செப்டெம்பரில் அங்கே போனஸை 20 சதவீதத்திலிருந்து பாதியாய்க் குறைத்தபோது ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் வீதியிலே அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அருகிலே அண்டவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் கோரிக்கையை வென்றார்கள். கம்பனியைவிட அவர்களுடைய கோபம் சங்கங்களின்மீதே கடுமையாயிருந்தது என்பதைச் செய்திகளை வாசித்தவர்கள் கவனித்திருப்பார்கள். குரியன் 1982இல் இலங்கையைப் பற்றி எழுதியதை மூணாற்றிலே அவர்கள் 33 ஆண்டுக்குப்பின் உரத்துச் சொன்னார்கள்.

இங்கே மாற்றம் மெதுவாய் வந்தது. உள்ளூராட்சிச் சபைகளிலே பெண்களுக்கு 25 சதவீத இடம் என்ற சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலே முதன்முறை நடைமுறைக்கு வந்து, தோட்டத்துப் பெண்கள் சிலரைச் சபைகளிலே உட்காரவைத்தது. 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலிலே நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கால் அங்கே போனது அதுவே முதற்தடவை. தோட்டத்துப் பெண்ணுக்கு வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 97 ஆண்டுகள்.

இவர்களுக்கு முன் நின்றவர்களின் சரித்திரத்தை எழுத வருகிற மாணவருக்கு ஆவணம் எங்கே இருக்கிறது? கம்பளைப் பக்கத்திலே பழைய லயமொன்றில் 2007இல் அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இருக்கிறது. தோட்டத்து ஆபிசுகளிலிருந்த செக்றோல்கள் பலவும் கறையானுக்கும் பழைய கடதாசிக் கடைக்கும் போய்விட்டன. எஞ்சியவை எங்காவது இருந்தால், ஒரு தோட்டத்தின் பெண்கள் எந்தெந்த நாட்களிலே ஒட்டுமொத்தமாகப் பேர் இல்லாமல் இருந்தார்கள் என்று பார்த்தாலே போதும். அறிக்கைகளிலே வராத வேலைநிறுத்தங்களின் திகதிகள் அங்கே கிடைக்கும், இறங்காமல் நின்றவர்களின் பெயர்களோடு. மீனாட்சியம்மாளின் பாட்டுப் பிரசுரமோ, பழைய சங்கத் துண்டுப் பிரசுரங்களோ, 1947இன் வாக்காளர் பட்டியலோ உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே கிடக்கலாம். அப்படியிருந்தால் தயவுசெய்து வெயிலிலே காயவைக்க வேண்டாம், மை மங்கிவிடும். பக்கத்து ஊர் நூலகத்துக்கோ ஆசிரியருக்கோ காட்டிப் பிரதியெடுத்துவிட்டு, மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.